கம்பெனி சர்வீஸ் சென்டர்ல ரீகால் வேலை, ஃபாக் லேம்ப், கேமரா எல்லாம் நம்பி விடலாமா? (கோத்தகிரி)

கோத்தகிரி_டீசல்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

என் வண்டி 2021 மாடல் டீசல், பிஎஸ்6, 62 ஆயிரம் ஓடியிருக்கு. கம்பெனி பேரு வேண்டாம், ஏன்னா தப்பு கம்பெனி மேலயா இல்ல அந்த ஒரு சர்வீஸ் சென்டர் மேலயான்னே எனக்கு இன்னும் புரியல. எங்க ஹட்டி, அதாவது கிராமம், கோத்தகிரில இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி. மலை மேல இந்த வண்டிக்கு கம்பெனி சர்வீஸ் கெடையாது, கோயம்புத்தூர் தான் போகணும், வண்டிய விட்டுட்டு பஸ்ல ஏறி வந்து மறுபடி எடுக்கப் போனா ரெண்டு நாள் காலி, அதுல ஒரு நாள் கரெக்டா தோட்டத்துல இலை எடுக்கற நாளா வந்து தொலைக்கும்.

போன மாசம் பெரிய சர்வீஸ் விட்டேன். பில்லு 19 ஆயிரத்து சொச்சம். அதுல பிரேக் ஆயில் மாத்தினதுன்னு போட்டிருக்கு, ஆயிலுக்கு தனி காசு, லேபருக்கு தனி காசு. வண்டி எடுக்கறப்ப நானே பானெட்ட தெறந்து பாத்தேன், டப்பால ஆயில் தேன் மாதிரி தெளிவா இருந்துச்சு, சரி மாத்திட்டாங்கன்னு கெளம்பிட்டேன். ஏத்தத்துல ஒண்ணும் தெரியல. பத்து நாள் கழிச்சு கேரட் மூட்டை அஞ்சாறு பின்னாடி போட்டு, மாமா, மச்சான் ரெண்டு பேரையும் ஏத்திக்கிட்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு எறங்கறோம். செகண்ட் கியர்ல தான் வந்தேன், ஆனா முன்னாடி ஒரு லாரி ஆமை மாதிரி போறான், புடிச்சு புடிச்சு விட வேண்டியதா போச்சு. குஞ்சப்பனை கூட தாண்டல, பெடலு பஞ்சு மேல கால வச்ச மாதிரி உள்ள போகுது. ரெண்டு தடவ பம்ப் பண்ணினா புடிக்குது, மறுபடி எறங்குது. எப்பவும் வாய் ஓயாத மாமா ஒரு வார்த்த பேசல, மேல இருக்கற கைப்புடிய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டாரு. ஃபர்ஸ்ட்ல போட்டு, ஹேண்ட் பிரேக்க கொஞ்சம் கொஞ்சமா இழுத்து ஓரங்கட்டி, ஒரு மணி நேரம் ஆற விட்டு அப்புறம் போய் சேந்தோம்.

மறுநாள் ஊர்ல எங்க மெக்கானிக் அண்ணன் பின் சக்கரத்த கழட்டி என்னய கூப்பிட்டு காட்டினாரு. பிரேக்ல பழைய ஆயிலும் காத்தும் வெளிய எடுக்கற நிப்பிள் இருக்கு பாருங்க, அது மேல ரப்பர் மூடி, அத சுத்தி செம்மண்ணு காஞ்சு ஓடு மாதிரி ஒட்டியிருக்கு. “ஸ்பேனர் பட்டிருந்தா இந்த மண்ணு உதுந்திருக்கும்ல”ன்னாரு. தெறந்து விட்டா வந்த ஆயிலு வரக்காப்பி கலர். நாலு சக்கரத்துலயும் அதே கத தான். அதாவது மேல டப்பால இருந்தத மட்டும் உறிஞ்சி எடுத்துட்டு புதுச ஊத்தியிருக்காங்க, நான் பானெட்ட தெறந்து பாத்து ஏமாந்திருக்கேன்.

இப்ப விஷயம் என்னன்னா அதே கம்பெனில இருந்து ரீகால்னு, அதாவது கோளாறு பார்ட்ட மாத்த வண்டிய திரும்பக் கூப்பிட்டு, மெசேஜ் வந்திருக்கு. பிரேக் பூஸ்டருக்கு (நாம மிதிக்கறதுக்கு பலம் கூட்டற பார்ட்டு) போற வேக்குவம் ஹோஸ் மாத்தணுமாம், கூட எஞ்சினுக்கு ஒரு சாஃப்ட்வேர் அப்டேட், எல்லாம் ஃப்ரீ. மெசேஜ் வந்த மறுநாளே அட்வைசர் ஃபோன், “சார் வர்றப்பவே ஃபாக் லேம்ப்பும் ரிவர்ஸ் கேமராவும் போட்டுரலாம், ஆஃபர் ஓடுது”ன்னு. ரெண்டும் எனக்கு தேவை தான், சாயங்காலம் மிஸ்ட் எறங்கிட்டா எங்க பக்கம் பத்தடி தூரம் தெரியாது. ஆனா நிப்பிள்ல ஸ்பேனர் வைக்காத ஆளுங்க கையில பிரேக் ஹோஸ கொடுக்கறதா? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

ஹேர்பின்_14:

ப்ரோ சிம்பிள், வாரண்டி முடிஞ்சா அந்த வாசப்படியே மிதிக்கக் கூடாது. எங்கப்பா வண்டி 9 வருஷமா ஊட்டில ஒரே மெக்கானிக் கை தான், ஒரு நாள் நடு ரோட்ல நின்னதில்ல. ஏசி ரூம், ஃப்ரீ காபி, பாலீஷ் போட்டு டயருக்கு கருப்பு தடவி குடுக்கறது, இதுக்கு தான் 19 ஆயிரம். ரீகால் கீகால் எல்லாம் கண்டுக்காதீங்க, இத்தன நாள் ஓடுச்சுல்ல.

கோத்தகிரி_டீசல்:

தம்பி சாஃப்ட்வேர் நம்ம அண்ணன்கிட்ட எங்க இருக்கு, அவருகிட்ட இருக்கற ஸ்கேனர் எரர் கோட் படிக்கும் அவ்ளோதான். ஹோஸும் வெளிய கிடைக்குமான்னு கேட்டேன், நம்பர் மாறியிருக்கு, புது பார்ட்டு இன்னும் கடைக்கு வரலயாம்.

சாந்தி_ஸ்பேனர்:

நான் சமவெளில ஒரு டீலர்கிட்ட 7 வருஷம் சர்வீஸ் அட்வைசரா இருந்தவனுங்க, இப்ப குன்னூர்ல சின்னதா ஹோம்ஸ்டே. உள்ள எப்படி நடக்குதுன்னு சொல்றேன், திட்டறதுன்னா திட்டிக்கங்க.

மொதல்ல ஒண்ணு, ஹேர்பின் தம்பி சொல்றத கேட்டு ரீகால விட்டுறாதீங்க. பிரேக் பூஸ்டர் ஹோஸ்ல காத்து கசிஞ்சா பெடலு கட்டை மாதிரி இறுகிப் போகும், முழு பலம் போட்டு மிதிச்சாலும் வண்டி சுலபமா நிக்காது. உங்களுக்கு ஆனது அதுக்கு நேர் எதிருங்க, பெடல் பஞ்சா உள்ள போனது. அது ஆயில் கொதிச்சதுனால. பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்த உறிஞ்சிக்கும், டாட் 4 ஆயில் புதுசுல குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் தாங்கணும், தண்ணி சேந்துட்டா அந்த அளவு 155க்கு வந்துரும். கோத்தகிரில இருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர் தான், அதுக்குள்ள 1,400 மீட்டருக்கு மேல எறங்கறீங்க, மூட்டை வேற, லாரி பின்னாடி புடிச்சு புடிச்சு விட்டா அந்த சூடு சுலபமா வந்துரும். உள்ள ஆவி குமிழி ஆயிருச்சுன்னா நீங்க மிதிக்கறது குமிழியத்தான் நசுக்கும், ஆயில தள்ளாது. ஆறினா மறுபடி புடிக்கும். அதனால தான் சர்வீஸ் சென்டர்ல கொண்டு போய் விட்டா “செக் பண்ணோம் சார், ஒண்ணும் இல்ல”ம்பாங்க, அவங்க டெஸ்ட் டிரைவ் போறது அவிநாசி ரோட்டுல, அங்க ஏது எறக்கம்.

ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்தணும்னு கம்பெனிகாரன் புக்குல போட்டிருப்பான், மலையில இருக்கறவங்க அதுக்கு முன்னாடியே மாத்தினா நல்லதுன்னு நான் சொல்லுவேன்.

இப்ப ஏன் மாத்தாம விடறாங்கன்னா, டெக்னீசியனுக்கு ஒவ்வொரு வேலைக்கும் இத்தன நிமிஷம்னு கணக்கு இருக்கு. நாலு சக்கரமும் கழட்டி, ஒருத்தன் பெடல் மிதிக்க ஒருத்தன் நிப்பிள் தெறக்க, ரெண்டு ஆளு வேணும். சனிக்கிழம நாப்பது அம்பது வண்டி நிக்கும். மேல இருந்து அட்வைசருக்கு டார்கெட், எஞ்சின் ஃப்ளஷ், ஏசி கிளீனிங், கோட்டிங்னு இவ்வளவு வித்தே ஆகணும். நானும் வித்திருக்கேன், மறைக்க ஒண்ணுமில்ல. வித்த வேலைய செய்ய ஃப்ளோர்ல ஆள் இருக்கான்னு எவனும் பாக்க மாட்டான். சர்வீஸ் சென்டர்ங்கறது கம்பெனி இல்லீங்க, டீலரோட கட. பார்ட்டும் சாஃப்ட்வேரும் கம்பெனியோடது, கை டீலரோடது.

ரீகால் வேலை கொஞ்சம் பரவால்ல, ஏன்னா அதுக்கு காசு கம்பெனி தான் டீலருக்கு குடுக்கும், சேசிஸ் நம்பர் போட்டு ஏத்தணும், பழைய பார்ட்ட திருப்பிக் கேட்டா அனுப்பணும். அதனால பழைய ஹோஸ வீட்டுக்கு குடுக்க மாட்டாங்க, ஆனா காட்டச் சொல்லலாம். புதன், வியாழன்ல அப்பாயின்ட்மென்ட் வாங்குங்க, சனிக்கிழமையும் மாசக் கடைசியும் வேண்டாம். ஜாப் கார்டுல (என்ன வேலைன்னு எழுதற சீட்டு) ‘ஜெனரல் செக்கப்’னு அவன் எழுதினா விடாதீங்க, ‘போன சர்வீஸ்ல பிரேக் ஆயில் மாத்தல, மலையில பெடல் இறங்கியது’ன்னு உங்க வார்த்தையில எழுத வச்சு ஒரு காப்பி வாங்கிக்கங்க. நாளைக்கு ஏதாவதுன்னா அந்த ஒரு வரி தான் பேசும்.

வெலிங்டன்_டீச்சர்:

கேமரா பத்தி நான் சொல்றேன் தம்பி, அது நான் பட்டது.

ஷோரூம்லயே போட்டா வாரண்டி போகாதுன்னு சொல்லி ரிவர்ஸ் கேமராவும் புது ஸ்க்ரீனும் போட்டாங்க. போட்டது சர்வீஸ் பண்ற டெக்னீசியன் இல்ல, வெளிய அக்சஸரி காண்ட்ராக்ட் எடுத்த பையன், இருபது வயசு கூட இருக்காது, காதுல இயர்ஃபோன், சீட்டு மேல உக்காந்து ஸ்க்ரூவ பல்லுல கடிச்சுக்கிட்டு வேலை பாக்கறான். அப்ப எனக்கு ஒண்ணும் தோணல. மழைக்காலம் முழுக்க நல்லா இருந்துச்சு, டிசம்பர்ல இருந்து காலைல வண்டி ஸ்டார்ட் ஆகல. குளிர்ல பேட்டரி வீக்காகும், நம்ம ஊர்ல அது சகஜம்னு பேட்டரி மாத்தினேன். மூணு வாரத்துல புது பேட்டரியும் டவுன்.

கடைசில எங்க வீட்டுக்காரர் நண்பர், அருவங்காடு ஃபேக்டரில எலெக்ட்ரீசியனா இருந்து ரிட்டையர் ஆனவர், டிக்கி லைனிங்க கழட்டிப் பாத்தாரு. ரிவர்ஸ் லைட்டுக்கு போற ஒயர நடுவுல தோல சீவி, அதுல கேமரா ஒயர முறுக்கி, மேல இன்சுலேஷன் டேப் சுத்தியிருக்கு. டேப்பு ஈரத்துல நெகிழ்ந்து பசை வழியுது, உள்ள செம்பு பச்சையா பூத்திருக்கு. நம்ம ஊர் மிஸ்ட் தான், நாள் முழுக்க நனைச்சுக்கிட்டே இருக்கும்ல. ஸ்க்ரீனுக்கும் சாவி போட்டா மட்டும் கரண்ட் வர்ற ஒயர்ல குடுக்காம நேரா பேட்டரில இருந்து எடுத்திருக்காங்க, அது ராத்திரி பூரா கரண்ட்ட உறிஞ்சிக்கிட்டே கெடந்திருக்கு.

திருப்பிக் கொண்டு போனா என்ன சொன்னாங்க தெரியுமா, ஒயர் கட் பண்ணியிருக்கு, எலெக்ட்ரிக்கல் வாரண்டி செல்லாது மேடம்னு. யாரு கட் பண்ணது, நீங்க தான. அக்சஸரி பில்லு வேற கவுன்ட்டர்ல போட்டதாம், அது இவங்க பொறுப்பு இல்லையாம். ஒரே வாசல், ஒரே போர்டு, பில்லு மட்டும் ரெண்டு. நல்லவேளையா அந்த பில்லுலயும் டீலர் பேரு தான் இருந்துச்சு. 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல கம்ப்ளைன்ட் போட்டேன், ரெண்டு வாரத்துல அவங்களே கூப்பிட்டு சரி பண்ணிக் குடுத்தாங்க, பேட்டரி காசு மட்டும் வரல. அதுக்கு மேலன்னா ஊட்டில மாவட்ட கமிஷன் இருக்கு, 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது, ஆனா அலையறதுக்கு எனக்கு தெம்பு இல்ல.

அதுக்காக எல்லாரையும் ஒரே தராசுல வைக்க மாட்டேன். அதே இடத்துல ஒரு தடவ எலி கடிச்ச ஒயர கண்டுபிடிச்சு, ஃபோட்டோ எடுத்து அனுப்பி, முழு செட்டும் மாத்த வேண்டாம் மேடம் இந்த ஒரு கப்ளர் (ஒயர சொருகி இணைக்கற பிளக்) போதும்னு சொல்லி 800 ரூபால முடிச்சாரு ஒரு வயசான டெக்னீசியன். அவரு இப்ப அங்க இல்ல.

கேத்தி_கியர்:

சாஃப்ட்வேர் அப்டேட் பத்தி யாரும் பேசல, அதனால நான்.

2015 செப்டம்பர்ல ஃபோக்ஸ்வேகன் விவகாரம் வெடிச்சது ஞாபகம் இருக்கும். இஏ189னு ஒரு டீசல் எஞ்சின், புகை டெஸ்ட் நடக்குதுன்னு வண்டியே கண்டுபிடிச்சு அப்ப மட்டும் சுத்தமா ஓடும், ரோட்டுக்கு வந்தா வேற மாதிரி. உலகம் பூரா சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டி, இந்தியால மட்டும் 3 லட்சத்து 23 ஆயிரத்துக்கு மேல திரும்பக் கூப்பிடறதா அந்த டிசம்பர்லயே சொன்னாங்க, ஸ்கோடா, ஆடி எல்லாம் சேத்து. வேல என்னன்னா பெரும்பாலும் சாஃப்ட்வேர் தான், அரை மணி நேரம். ஐரோப்பால 1.6 லிட்டர் எஞ்சினுக்கு மட்டும் காத்து அளக்கற சென்சார் முன்னாடி வலை வச்ச ஒரு பிளாஸ்டிக் குழாய் சொருகினாங்க. இவ்ளோ பெரிய தகராறுக்கு இவ்ளோ சின்ன வேலையான்னு அப்பவே ஆச்சரியமா இருந்துச்சு. அப்டேட் பண்ண அப்புறம் ஈஜிஆர் வால்வு (புகைல கொஞ்சத்த மறுபடி எஞ்சினுக்குள்ள விடறது) அடைக்குது, வண்டி இழுக்கலன்னு அங்க நெறைய ஓனருங்க புலம்ப, கம்பெனி அப்டேட்டால பழுது வந்தா சில பார்ட்டுக்கு 2 வருஷம் பொறுப்பு ஏத்துக்கறேன்னு இறங்கி வர வேண்டியதா போச்சு.

நான் இத சொல்றது உங்க கம்பெனியும் அப்படின்னு இல்ல. டீலர் ஹோஸ ஒழுங்கா மாட்டினானான்னு கண்ணால பாத்துரலாம், சாஃப்ட்வேர்ல அந்த பையன் லேப்டாப் சொருகி பட்டன் அமுக்கறதோட சரி, உள்ள என்ன மாறுச்சுன்னு அவனுக்கே தெரியாது. அதனால போறதுக்கு முன்னாடி நீங்க அளந்து வச்சுக்கங்க. டேங்க் டு டேங்க் மைலேஜ் எழுதி வைங்க. மேட்டுப்பாளையத்துல இருந்து கோத்தகிரி ஏர்றப்ப வழக்கமா எந்த வளைவுல செகண்டுக்கு மாத்தறீங்க, அது அப்டேட்டுக்கு அப்புறமும் அப்படியே இருக்கான்னு பாருங்க. எஞ்சின் பவர் அளக்கற எந்த டைனோ மெஷினும் வேண்டாம், நம்ம காட் ரோடே போதும். மாறியிருந்தா ஒரு வாரத்துக்குள்ள ஈமெயில்ல எழுதிப் போடுங்க, ஃபோன்ல சொன்னது காத்தோட போயிரும்.

ரீகாலுக்கு போகாம இருக்கலாம்னு சொன்ன தம்பிக்கு, 2012ல இருந்து கம்பெனிங்க தானா முன்வந்து தான் ரீகால் பண்ணிக்கிட்டு இருந்தாங்க, 2019 மோட்டார் வாகன திருத்தச் சட்டத்துக்கு அப்புறம் கவர்மென்டே உத்தரவு போட்டு கூப்பிட வைக்கலாம். இத்தன வருஷம் கழிச்சு கெடச்ச ஒரு உரிமை, அதையும் கண்டுக்காத விட்டா எப்படி.

ஹேர்பின்_14:

சரி சரி, ரீகால் விஷயத்துல வாபஸ். பிரேக் ஹோஸ்னு சரியா படிக்கல. ஆனா 19 ஆயிரத்துக்கு இன்னும் வயிறு எரியுது. ஃபாக் லேம்ப்புக்கு வெள்ளை எல்இடி மட்டும் போட்றாதீங்க அண்ணா, மிஸ்ட்ல அது சுவரு மாதிரி எதிர்ல நிக்கும், எதிர்ல வர்றவன் கண்ணும் அவிஞ்சு போகும். மஞ்சள், கீழ பாத்து, அவ்ளோ தான்.

கோத்தகிரி_டீசல்:

மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும், இலை சீசன்.

புதன்கிழமை போனேன். போறதுக்கு முன்னாடி வீட்டம்மாகிட்ட நெயில் பாலிஷ் வாங்கி, ஹோஸ் கிளாம்ப்ல ஒரு பொட்டு, நாலு நிப்பிள்லயும் ஒரு பொட்டு வச்சேன். பிரேக் பக்கம் யாரெல்லாம் கை வைக்கறாங்கன்னு பாத்துரலாம்னு. எதுக்கு இதுன்னு அவங்க கேட்டதுக்கு சர்வீஸுக்குன்னு சொன்னேன், ஒரு மாதிரி பாத்தாங்க.

ஜாப் கார்டுல சாந்தி அண்ணன் சொன்ன மாதிரியே எழுதச் சொன்னேன். அட்வைசர் “சார் அப்படி எழுத ஆப்ஷன் இல்ல”ன்னாரு. ரிமார்க்ஸ்னு ஒரு கட்டம் காலியா இருக்கே அதுல எழுதுங்கன்னு விரல வச்சு காட்டினேன், எழுதிட்டாரு. உள்ள விடல, பாதுகாப்பு ரூல்ஸாம், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்தேன். ஹோஸ் மாத்தினது ஒரு பொம்பளப் புள்ள, டிப்ளமா படிச்சதாம், பழைய ஹோஸ கையில கொண்டு வந்து ஓரத்துல விரிசல் விட்டிருக்கறத மடக்கிக் காட்டுச்சு, அரைக்கா இஞ்ச் இருக்கும், மடக்கினா தான் தெரியுது. அத பாத்தப்ப வயித்துல ஒரு மாதிரி ஆயிருச்சு. அந்தப் புள்ளையே “மலை வண்டியா அண்ணா, இஞ்சின ஆஃப் பண்ணிட்டு மட்டும் எறக்காதீங்க, பூஸ்டர் வேல செய்யாது”ன்னு சொல்லுச்சு, அட்வைசர் ஒருத்தரும் இத சொன்னதில்ல.

பிரேக் ஆயிலுக்கு எடுத்த காச மேனேஜர்கிட்ட பேசி, லேபர் மட்டும் திருப்பினாங்க. ஆயிலு ‘யூஸ் ஆயிருச்சு’ன்னாரு. எங்க யூஸ் ஆச்சுன்னு கேட்டேன், சிரிச்சாரு. எழுதிக் குடுங்கன்னேன், அப்ப சிரிக்கல. ஈமெயில் போட்டு வச்சிருக்கேன்.

சாஃப்ட்வேருக்கு அப்புறம் மைலேஜ் அரை கிலோமீட்டர் கம்மி மாதிரி தெரியுது, இன்னும் ரெண்டு டேங்க் பாத்துட்டு சொல்றேன். ஏத்தத்துல வித்தியாசம் தெரியல.

ஊருக்கு வந்து மெக்கானிக் அண்ணன்கிட்ட காட்டினேன். டார்ச் அடிச்சு, ஹோஸ இழுத்து, கிளாம்ப திருகிப் பாத்து, “நல்லா தான் போட்டிருக்காங்க”ன்னாரு, அத சொல்ல அவருக்கு அவ்வளவு இஷ்டமில்லன்னு மூஞ்சில தெரிஞ்சுச்சு. கிளாம்ப் புதுசு, என் பொட்டு பழையதோட போயிருச்சு. நிப்பிள்ல வச்ச நாலும் அப்படியே இருக்கு. ஃபாக் லேம்ப் அவரே மஞ்சள்ல போட்டுக் குடுத்தாரு, ஒயர வெட்டாம கப்ளர் வாங்கி. கேமரா இன்னும் போடல. இப்போதைக்கு ரிவர்ஸ் எடுக்கறப்ப மாமா பின்னாடி எறங்கி நின்னு “வா வா வா”ங்கறாரு, குஞ்சப்பனைக்கு அப்புறம் அவருக்கும் வண்டிக்கு வெளிய நிக்கறது தான் புடிச்சிருக்கு.